செல் போயிடுச்சு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. விளக்கக் கடிதமாகத் தொடங்கியது. நேற்று, அதாவது 2006 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் மேனேஜர் ராமதாஸ் ஒரு பழைய தாளை என் மேசைமேல் போட்டு, அதிலிருந்த ஒரு காலிக் கட்டத்தை விரலால் தட்டினார்.

"ஏம்பா தட்சணா, இன்னாது இது? ஆடிட்காரன் கேக்கறான். போன வருஷத்துப் பிழைத்தாளு. கட்டத்த காலியா விட்டிருக்க. திங்கக்கிழமைக்குள்ள எதுனா ஒண்ணுல டிக் பண்ணு. ஏன் காலியா விட்டேன்னு அரைப் பக்கம் எழுதிக் குடு."

அரைப் பக்கம்தான் கேட்டார். எனக்கு அரைப் பக்கத்தில் எதையும் சொல்லி முடிக்கத் தெரியாது. இன்று சனிக்கிழமை, ஆபீஸில் வேலை குறைவு, கழித்துப்போட்ட புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய முதலியார்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு மெத்தைக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறோம். விஞ்ஞானி எழுதியதை எங்களில் ஒருவர் படிப்பார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார். அதற்குக் கொயரி என்று பெயர். இரண்டாவது ஆள் அந்தக் கொயரியைச் சரிபார்த்து விஞ்ஞானிக்கு அனுப்புவார். அந்த இரண்டாவது ஆள் நான், தட்சணாமூர்த்தி. குயிலாப்பாளையத்திலிருந்து தினமும் மொபெட்டில் வந்து பிறர் எழுத்தில் கமா திருத்துகிறவன்.

வாரக் கடைசியில் பிழைத்தாள் நிரப்புவதும் நானே. ஒவ்வொரு கொயரிக்கும் எதிரே இரண்டு கட்டம்: தேவை, தேவையில்லை. தேவையில்லாத கொயரி ஒரு பிழை. ஒரே வருஷத்தில் மூன்று பிழை ஏறினால் வேலை இல்லை. 2005 மே மாதம் பூவிழிக்கு இரண்டு பிழை ஏறியிருந்தது. நான் காலியாக விட்டது அவளுடைய மூன்றாவது கொயரிக்கான கட்டம். கூட்டல் போடும் கம்ப்யூட்டர் காலியைப் பிழையாக எண்ணாது. அவள் வேலையில் நீடித்தாள். இப்போது அதே இடத்தில் நான் டிக் போட்டாக வேண்டும். "தேவையில்லை" என்று போட்டால், வருஷம் கழிந்தாலும் ரூல் ரூல்தான் என்று ராமதாஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பூவிழி எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஆளைப் பற்றி எழுதிவிட்டு ஆளிடம் காட்டாமலிருப்பது அயோக்கியத்தனம். அதனால் பக்கம் பக்கமாக அவளிடம் கொடுத்துவிடுகிறேன். பென்சிலில் அவள் எழுதுவதை அப்படியே விட்டுவைப்பேன். இந்த ஒரு தடவை அவள்தான் இரண்டாவது ஆள்.

[கொயரி 1: காலியா விட்டீங்களா? "தேவை"ன்னு போட்டீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன். அதுக்காக எங்கம்மா செஞ்ச இறால் தொக்கு ஒரு டப்பா கொண்டாந்து குடுத்தேன். டப்பாவக்கூட நீங்க திருப்பித் தரல. — பூ.]

டப்பா விஷயம் உண்மை. மேலே போகலாம்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "மதிப்பிற்குரிய ஐயா, 2005 மே மாதம் மூன்றாம் வாரப் பிழைத்தாளில், வரிசை எண் நாற்பத்தொன்றுக்கு எதிரே உள்ள கட்டம் காலியாக விடப்பட்டதற்கான காரணம் யாதெனில்—" இதற்குமேல் போகவில்லை. "யாதெனில்" என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

இரண்டாவது தொடக்கம்: "மரக்காணத்து உப்பளங்களின்மேல் சூரியன் எழுந்துகொண்டிருந்தான். பளபளக்கும் பாத்திகளின் நடுவே, கையில் வாருபலகையோடு சவரிமுத்து—"

[கொயரி 2: எங்கப்பா அப்போ உப்பளத்துல இல்ல. கால்ல கட்டு போட்டுட்டு வீட்ல டிவி பாத்துட்டு இருந்தாரு. அந்தப் பாத்தியில பளபளப்பு ஒண்ணும் இருக்காது, கண்ணு கூசும். நீங்க ஒரு நாளு மத்தியானம் வந்து நின்னு பாருங்க. — பூ.]

அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: "ஓர் எலி இருந்தது." இது எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தைக்குச் சொல்லும் கதை மாதிரி இருக்கிறது, ஆனால் பொய்யில்லை. உண்மையாகவே ஓர் எலி இருந்தது. வெள்ளை எலி. எங்கேயோ குளிரடிக்கும் ஓர் ஊரில், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதன் உடம்பிலிருந்து ஒரே ஒரு ஜீனை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அங்கிருந்தே தொடங்குகிறேன்.

3

அந்த ஜீனின் பெயரைச் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் ரகசியம். மூன்று எழுத்தும் ஓர் எண்ணும், லாரி நம்பர் மாதிரி.

கட்டுரை சொன்னது இதுதான். உடம்பில் இருக்கும் செல்கள் எல்லாம் பிறந்த இடத்திலேயே இருந்துவிடுவதில்லை. கருவில் அவை ஊர் விட்டு ஊர் போகின்றன. முதுகுப் பக்கம் பிறந்தது முகத்துக்குப் போய்ச் சேருகிறது. வளர்ந்த உடம்பிலும் இந்த நடமாட்டம் நிற்பதில்லை. காயம் பட்டால் ஓரத்திலிருக்கும் தோல் செல்கள் கிளம்பி நடுவை நோக்கி வருகின்றன, இரண்டு ஓரமும் சந்தித்தால் காயம் மூடிவிட்டது என்று அர்த்தம். இப்படிச் செல்களைக் கிளப்பிவிடுவதுதான் அந்த ஜீனின் வேலை என்று பேராசிரியர் எழுதியிருந்தார். ஜீனை எடுத்துவிட்டால் செல்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இருபத்திரண்டு பக்கத்தில் இதை நிரூபித்திருந்தார்.

நான் பத்து வருஷமாக விஞ்ஞானத்தில் கமா திருத்துகிறேன். கமாவுக்கும் கமாவுக்கும் நடுவே இப்படியொரு சங்கதி நடந்துகொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சட்டையைக் கழற்றி என் முழங்கையில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தேன். ஆபீஸ் பாத்ரூமில்தான், தப்பாக நினைக்க வேண்டாம். இங்கேயும் ஒரு நாள் எல்லாரும் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

* ஓர் இடைக்குறிப்பு. பாடப்புத்தகத்தில் அதற்கு உயிரணு என்று பெயர். நாம் செல் என்றே சொல்கிறோம். செல் என்றால் தமிழில் போ. யோசித்துப் பாருங்கள், பெயரே கட்டளையாக இருக்கிறது. செல் செல்கிறது, செல்லாத செல், சென்ற செல். ஆங்கிலக்காரனுக்கு இந்த வசதி கிடையாது. கரையானுக்கும் செல் என்று பேர் உண்டு, அதுவும் ஓரிடத்தில் நிற்காது. போதாததற்கு, 2005-ல் ராமதாஸ் உட்பட ஊரில் பாதிப் பேர் இடுப்பில் பெல்ட்டோடு சேர்த்து மாட்டிக்கொண்டு திரிந்ததும் செல்தான். இந்த அர்த்தங்களில் ஒன்றுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

[கொயரி 3: இந்த இடத்துல என்னை அந்த செல்லோட ஒப்பிட்டு ஏதோ எழுதி அடிச்சிருக்கீங்க. வெளிச்சத்துல பிடிச்சா தெரியுது. "உப்பளத்திலிருந்து புறப்பட்டு வந்த பூவிழியும் ஒரு—" வேணாங்கண்ணா. நான் எலியோட தோலு இல்ல. மரக்காணத்துல பஸ் ஏறி நாப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்து, சாயங்காலம் அதே பஸ்ல திரும்பிப் போறேன். — பூ.]

நல்ல வாக்கியம் அது. போகட்டும்.

4

இப்போது படம்.

எங்கள் ஆபீஸில் படங்களை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்றால், மேல்மாடியில் இருப்பவர்கள் அகலம் உயரம் பார்ப்பார்கள். கீழே இருக்கும் நாங்கள் எழுத்து படிப்போம். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பது விஞ்ஞானியின் பாடு. உள்ளதை உள்ளபடி விடு, அதுதான் எங்கள் முதல் விதி.

மூன்றாவது படத்தில் நான்கு சதுரங்கள். வேகவைத்த ஜவ்வரிசியைத் தட்டில் பரப்பினதுபோல் சாம்பல் நிறத்தில் செல்கள். ஒரு கண்ணாடித் தட்டில் எலியின் தோல் செல்களை ஒரே படலமாக வளர்த்து, நடுவில் ஊசிமுனையால் ஒரு கோடு கீறியிருக்கிறார்கள். கீறியவுடனே ஒரு படம், இருபத்துநாலு மணி நேரம் கழித்து ஒரு படம். மேல் வரிசை 3ஏ, சாதாரண எலி. கீழ் வரிசை 3பி, ஜீன் எடுத்த எலி. கட்டுரை என்ன சொல்கிறது? மேலே கோடு மூடிவிடும், கீழே கோடு திறந்தே கிடக்கும்.

படத்தில் தலைகீழாக இருந்தது.

கீழே கிட்டத்தட்ட மூடியிருந்தது. மேலேதான் பாதிக்குப் பாதி திறந்து கிடந்தது. பேராசிரியர் பார்த்திருக்கிறார், கூட எழுதிய ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள், பத்திரிகை சரிபார்க்கச் சொன்ன நிபுணர்கள் பார்த்திருக்கிறார்கள். எவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் பூவிழியின் கண்ணில் பட்டது.

காரணம் அவள் அப்பாவின் பாதம். சுனாமி முடிந்து நாலாவது மாதம், பாத்திச் சேற்றில் புதைந்து கிடந்த ஒரு கண்ணாடித் துண்டு சவரிமுத்துவின் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. காயம் மூடும்வரை உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பளக் கூலிக்காரர் உப்புத் தண்ணீரில் கால் வைக்காமல் என்ன வேலை செய்வார்? அம்மா சவரியம்மாளின் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே பத்தாது. வீடு பூவிழியின் சம்பளத்தில் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு இரண்டு பிழை ஏறியிருந்தது.

அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காயத்தைக் கழுவி, மேலே சுத்தமான பாலிதீன் பையை வைத்து, ஓரத்தை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொள்வாள். போன வாரத்துப் பையை இந்த வாரத்துப் பையின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஓரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி ஐந்து பை சேர்ந்திருந்தது. ஓரம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பழகிய கண் அது. படத்தைப் பார்த்ததும் அந்தக் கண் அதைத்தான் பார்த்தது.

[கொயரி 4: ஆறு பை. ஒண்ணு அம்மா தெரியாம குப்பையில போட்டுட்டாங்க. — பூ.]

5

கொயரி எழுதினாள். எழுதும்போது கை நடுங்கியிருக்கும் என்று எழுதலாமா? மூன்றாவது பிழை ஆகிவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பேசாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. படத்தைப் பார்ப்பது அவள் வேலையே இல்லை.

[கொயரி 5: கை நடுங்கல. ரெண்டு தடவ அழிச்சுட்டு எழுதினேன். ஆனா படத்துல தெரியுது, எழுத்துல இல்ல. எப்படிண்ணா சும்மா விடறது? — பூ.]

அவள் மனசில் வந்த வாக்கியம்: 3பி-யில் செல்கள் போய்விட்டன, சரிபார்க்கவும். அதை அப்படியே ஆங்கிலமாக்கினாள். செல்ஸ் ஹேவ் கான் இன் த்ரீ பி. ப்ளீஸ் செக்.

நான் படித்தேன். எனக்கு உடனே புரிந்தது. கீறலின் இந்தப் பக்கத்திலிருந்து செல்கள் கிளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன, ஆனால் கட்டுரை போகவில்லை என்கிறது. தெளிவான கேள்வி. ஒரு கமாகூடத் தேவையில்லை. அனுப்பிவிட்டேன்.

இங்கேதான் நான் என்னையே தலையில் குட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொயரியின் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதியது தமிழ் மூளை, சரிபார்த்ததும் தமிழ் மூளை. நமக்கு ஆள் ஊருக்குப் போனாலும் போயிடுச்சு, பர்ஸ் தொலைந்தாலும் போயிடுச்சு, கரண்ட் நின்றாலும் போயிடுச்சு, உயிர் பிரிந்தாலும் போயிடுச்சு. எது எங்கே என்று நமக்குள் குழப்பமே வருவதில்லை. அங்கே பேராசிரியருக்கு அந்த வார்த்தை ஒரே ஒரு செய்தியைத்தான் சொன்னது: 3பி-யில் உங்கள் செல்களைக் காணவில்லை.

மறுநாள் காலை பதில் வந்தது. எந்தச் செல்களைக் காணவில்லை, எத்தனை, செத்துவிட்டன என்கிறீர்களா, அல்லது உங்கள் ஆபீஸில் என் படத்தைக் கெடுத்துவிட்டீர்களா, அச்சை நிறுத்துங்கள், நான் பேச வேண்டும். ஒன்பது கேள்விக்குறி. நான் எண்ணினேன்.

ராமதாஸ் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தை மேய்த்துக்கொண்டிருக்கிறவர்.

"ஏம்மா, படத்தப் பாக்கச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சார்."

"இப்ப அந்தாளு நாமதான் படத்தக் கெடுத்துட்டோம்னு குதிக்கறான். நாளைக்கு நாலரைக்கு போன் பண்றான். நீயே பேசு. இவ்ளோதான் சொல்வேன், இது ஒண்ணுமில்லாத கொயரின்னு ஆச்சுன்னா மூணாவது எரர். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"நான் என்ன சார் பேசறது?"

"அதான் எனக்கும் தெரியல. இன்னா எழுதினியோ அதையே சொல்லு."

பேராசிரியரின் கோபம் எதனால் என்று அப்போது எங்கள் மூவருக்குமே புரியவில்லை. அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். மூன்று பேருக்கும் அது மிகச் சரியாகவே இருந்தது.

6

இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. பூவிழி சொன்னதை வைத்து எழுதுகிறேன். சரியாக வந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

சாயங்காலம் ஆறரை. மரக்காணத்தில் அவள் வீடு. சவரிமுத்து கட்டுப்போட்ட காலைப் பிளாஸ்டிக் முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சவரியம்மாள் முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். மகள் வந்த முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாடி, மூஞ்சி செத்துப் போயிருக்குது?"

"ஆபீஸ்ல பிரச்சனைம்மா. வேலை இருக்குமான்னு தெரியல."

"ஐயோ மாதாவே. இன்னா ஆச்சு?"

விவரமாகச் சொல்லும் தெம்பு பூவிழிக்கு இல்லை. "செல் போயிடுச்சும்மா. அதான்" என்றாள்.

சவரியம்மாள் முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். "உன் கையில ஏதுடி செல்லு? ஆபீஸ் செல்லா? யாரோடது, மேனேஜருதா?"

"அது இல்லம்மா—"

"எங்க போச்சு? பஸ்ல வச்சிட்டு எறங்கிட்டியா?" சவரிமுத்து கேட்டார். கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். "பாண்டி பஸ்ஸு இன்னும் ஸ்டாண்டுலதான் நிக்கும். கண்டக்டர் நம்ம கலியமூர்த்தி பையன்தான். நான் போய்க் கேக்கறேன், நீ இரு."

"அப்பா, கால ஊணாதீங்க."

"காலு கெடக்குது. செல்லு போனா உங்க மேனேஜரு சும்மா விடுவானா?"

ஒற்றைச் செருப்போடு அவர் வாசற்படி வரைக்கும் நொண்டிப் போய்விட்டார். பூவிழி பின்னால் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். "ஐயோ அப்பா, அந்த செல் இல்ல. தொலையல. இது போயிடுச்சுன்னா, போயிடுச்சு. அந்தப் பக்கம் போயிடுச்சு. நல்லாத்தான் இருக்குது."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தொலையவில்லை, போய்விட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா எதைக் கேட்டாரோ, அதையேதான் அந்தப் பேராசிரியரும் கேட்டிருக்கிறார். கடல் தாண்டி ஒன்பது கேள்விக்குறி போட்டவரும், வாசற்படியில் ஒற்றைச் செருப்போடு நிற்பவரும் ஒரே மாதிரி பதறியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். வேலை இருக்குமா தெரியவில்லை என்று சொன்ன பெண் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

[கொயரி 6: சரியா வந்திருக்குது. ஒண்ணே ஒண்ணு, அப்பா அன்னிக்குக் கால ஊணினதுல காயம் ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு. அடுத்த பை முந்தின பைய விடப் பெருசா இருந்துச்சு. அதையும் எழுதுங்க. — பூ.]

எழுதிவிட்டேன்.

7

நாலரை மணி. ராமதாஸின் அறை. மேசைமேல் ஸ்பீக்கர் போன். நான் ஓரமாக நிற்கிறேன். பூவிழி துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொண்டு, ஏதோ வண்டி தள்ளப்போகிறவள்போல் மேசையில் இரண்டு கையும் ஊன்றி நிற்கிறாள். மணி அடித்தது.

பேராசிரியரின் குரல் நான் நினைத்ததைவிட வயதானதாக இருந்தது. எங்கே என் செல்கள் என்று நேராகவே கேட்டார்.

"சார்" என்றாள் பூவிழி. "கான் மீன்ஸ் வென்ட், சார். நாட் லாஸ்ட். நாட் டெட். தே வென்ட் டு தி அதர் சைட். அலைவ்."

போனுக்கு முன்னால் கையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்திக் காட்டினாள்.

"லைக் கோயிங் டு ஆபீஸ், சார்."

ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. பொய் சொல்லவில்லை, இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் புல்லரிக்கிறது. கமாவைத் தவிர வேறெதையும் தொட உரிமையில்லாத ஓர் ஆபீஸிலிருந்து, ஒருத்தி விஞ்ஞானத்தின் நடுமண்டையிலேயே கை வைத்துவிட்டாள்.

தயவுசெய்து மூன்றாவது படத்தைத் திறந்து பாருங்கள், எழுத்தைப் படிக்காதீர்கள், கோட்டின் ஓரத்தை மட்டும் பாருங்கள் என்று அவள் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னாள். மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. சாலையில் ஒரு லாரி போய் முடிந்தது, இன்னொன்றும் போனது.

"ஓ" என்றார் பேராசிரியர்.

அவ்வளவுதான். "ஓ." என் வாழ்க்கையில் நான் கேட்ட ஆங்கில வார்த்தைகளிலேயே அழகானது அது. பிறகு அவர் சொன்னார்: ஒருவேளை ஏ, பி என்ற பெயரை மாற்றிப் போட்டிருப்போம். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன். வைப்பதற்கு முன், இதை எப்படிப் பார்த்தாய் என்று அவளைக் கேட்டார்.

"மை ஃபாதர்ஸ் ஃபுட், சார்" என்றாள் பூவிழி. "எவ்ரி சண்டே."

அவர் அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

8

இங்கே கதையைப் பல விதமாக முடிக்கலாம். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முடிவு ஒன்று: பெயர்கள் மாறித்தான் போயிருந்தன. பேராசிரியர் ஏ-யை பி ஆக்கினார், பி-யை ஏ ஆக்கினார். கொயரி தேவை, டிக். கைதட்டல். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். சுத்தமான முடிவு. ஆனால் நடக்கவில்லை.

முடிவு இரண்டு: பேராசிரியர் அவளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே அழைக்கிறார். விமானம், மேகம், கீழே புள்ளியாகத் தெரியும் உப்பளம், அவள் கண்ணில்—

[கொயரி 7: எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. — பூ.]

முடிவு மூன்று, நடந்தது. மறுநாள் காலை வந்த பதிலை நான்தான் முதலில் திறந்தேன். பெயர்கள் மாறவில்லை என்று எழுதியிருந்தார். நோட்டுப் புத்தகத்தை மூன்று தடவை பார்த்தோம். 3பி உண்மையாகவே ஜீன் எடுத்த எலிதான். உங்கள் வாசகர் பார்த்ததுதான் சரி. மற்ற செல்களில் இந்த ஜீன் செல்லைத் தள்ளிவிடுகிறது, தோலில் மட்டும் அது பிடித்து நிறுத்துகிறது என்று இப்போது சந்தேகப்படுகிறோம். அதை எடுத்ததும் செல்கள் கட்டவிழ்ந்து ஓடியிருக்கின்றன. நாங்கள் வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டோம், படத்தைப் பிறகு பார்த்தோம், அதனால் வாக்கியத்தில் இருந்ததைத்தான் படத்தில் பார்த்தோம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். முதலிலிருந்து செய்ய வேண்டும்.

நான் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். ஒரு ஜீனின் வேலை என்னவென்று உலகத்தில் ஏழு பேர் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். அது அப்படி மட்டுமில்லை என்று எட்டாவதாக ஒருத்தி பார்த்தாள். அவளுக்கு மெத்தைக் கடைக்கு மேலே உத்தியோகம், இரண்டு பிழை, பையில் தயிர் சாதம். இதைச் சொல்லாமல் வேறு எதைக் கதையென்று எழுதுவது?

சவரிமுத்துவின் காயம் ஜூலையில் மூடியது. அவர் திரும்பவும் பாத்தியில் இறங்கினார். இறங்கின அன்றைக்குத்தான் இறால் தொக்கு வந்தது.

9

கட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் விதிப்புத்தகம் சொல்வது இது: கொயரியைப் பார்த்து ஆசிரியர் பக்கத்தில் ஏதாவது திருத்தினால் அது தேவையான கொயரி. ஒன்றும் திருத்தாவிட்டால் தேவையில்லாதது. பேராசிரியர் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. ஏனென்றால் மொத்தக் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர்கள் சரியாகவே இருந்தன. விதிப்படி அது தேவையில்லாத கொயரி. அதோடு எங்களுக்கு இருபத்திரண்டு பக்க வேலையும் கைவிட்டுப் போனதில் ராமதாஸ் கொதித்துக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்து "தேவை"யின்மேல் கொண்டுபோனேன். ராமதாஸ் விதியைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வது என்று பயம். "தேவையில்லை"யின்மேல் கொண்டுபோனேன். ஐந்து, மன்னிக்கவும், ஆறு பாலிதீன் பை ஞாபகம் வந்தது. பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து தாளை அப்படியே கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம். நன்றி என்று அவள் டப்பாவை நீட்டியபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொக்கு வாசனை அடித்தது, வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

கட்டுரை இன்னும் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் அதையே ஆடிட்காரரிடம் ஆதாரமாக நீட்டியிருப்பேன். ஆதாரம் இல்லாமல் "தேவை" என்று போட்டால், அதற்கு நான் ஒருவன்தான் ஆதாரம். கையெழுத்தும் என்னுடையது, வம்பும் என்னுடையது.

அன்புள்ள வாசகரே, நடந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். ஜீனின் வேலை தெரியும், விதி தெரியும், அவளைத் தெரியும். கதைக்கு ஒரே முடிவு இருக்க வேண்டும் என்று எழுதியவனே தீர்மானிப்பது பழைய காலத்து அகம்பாவம். ஆகவே இந்தக் கதையின் முடிவை மிகுந்த மரியாதையோடு உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். பொருத்தமான கட்டத்தில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்:

தேவை ☐    தேவையில்லை ☐

[கொயரி 8: அண்ணா, மறுபடியும் காலியா விட்டிருக்கீங்க. இதப் படிக்கிறவங்களுக்கு நம்ம ஆபீஸ்ல சம்பளமா குடுக்கறாங்க? திங்கக்கிழமை ராமதாஸ் சார் அவங்களையா கூப்பிடுவாரு? எது போட்டாலும் நான் தாங்கிக்குவேன், காலியா மட்டும் விடாதீங்க. பென்சில்ல வேணாம், நல்ல பேனாவாப் பாத்து இதோட அனுப்பியிருக்கேன். இங்கேர்ந்து உங்களத்தான் பாத்துட்டு இருக்கேன். — பூவிழி]